பீட்டருக்கும் டைகருக்கும் மொழிபெயர்த்தவன்

விருந்தோம்பல் என்பது விருந்து கொடுப்பவர் செய்யும் வேலை என்று ஒரு நம்பிக்கை நாட்டில் பரவலாக இருக்கிறது. பள்ளிப் பாடப்புத்தகம் வரைக்கும் இந்தப் பிழை பரவிவிட்டதால், அதைத் திருத்துவதை என் கடமையாகக் கருதுகிறேன். வேலை முழுவதும் விருந்தாளியுடையது. எத்தனை முறை மறுக்க வேண்டும், எப்போது மறுப்பை நிறுத்த வேண்டும், இலையை எந்தப் பக்கமாக மடிக்க வேண்டும், கை கழுவிய பிறகு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. பரிமாறுகிறவர் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும். இந்த இருவருக்கும் நடுவே உட்கார்ந்து, இருவர் பேச்சையும் மாற்றிச் சொல்லி, தன் இலையையும் காலி செய்யவேண்டிய மூன்றாவது பிறவி ஒன்று உண்டு. அதற்கு மொழிபெயர்ப்பாளர் என்று பெயர்.

தேனியில் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி நிலையம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தேன். செல்போனே அந்த வேலையைச் செய்யத் தொடங்கியதும் பூட்டிவிட்டு இந்தப் பிறவி எடுத்தேன். எனக்கு வாய்த்தவர் பீட்டர். நெதர்லாந்துக்காரர். திராட்சைக் கொடியின் வேரை நூற்புழு அரிப்பதைத் தாங்கும் புது ரகக் கன்றுகளை நட்டுப் பார்க்க, கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு தோட்டம் தேடி வந்தவர். உத்தமபாளையத்துக்கும் கோம்பைக்கும் நடுவே சூசையண்ணனுடைய பந்தல்தான் அதற்குப் பொருத்தம் என்று முடிவு செய்திருந்தார். கிழக்கு ஓரத்தில் நாலு வரிசை கொடிகள் காய்ந்துகொண்டு வந்தன. அடுத்த கவாத்துக்கு முன்னால், அதாவது கொடிகளை வெட்டிவிட்டு அடுத்த காய்ப்புக்குத் தயார் செய்வதற்கு முன்னால், அந்த வரிசைகள் கிடைத்தால் பீட்டர் ஒரு பருவம் முழுக்க இங்கே இருப்பார். எனக்கும் வேலை இருக்கும். கிடைக்காவிட்டால் அவர் விமானம் ஏறுவார். நான் பூட்டைத் திறந்து ஒட்டடை அடிக்க வேண்டியதுதான். கேட்டபோதெல்லாம் சூசையண்ணன் சொன்ன பதில் ஒன்றே: "பாப்பம் சார்."

வெளியூர் நண்பரைச் சொந்த ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய், "இது ஏன் இப்படி?" என்று அவர் கேட்க, பதில் தெரியாமல் வானத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் என் இனத்தார். அவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

எங்க போறீக?

பெரிய ரோட்டில் இறங்கித் தோட்டத்துக்கு நடப்பதற்குள் டீக்கடைக்காரர், மாடு ஓட்டிப் போகிறவர், எதிரே பைக்கில் வருகிறவர் என்று எல்லாரும் கேட்பார்கள்: "என்ன சார், எங்க போறீக?" பீட்டர் நின்று பதில் சொல்வார். இன்றைக்கு மண் எடுக்கப் போகிறோம், எவ்வளவு ஆழத்தில் எடுப்போம், அதில் என்ன பார்ப்போம் என்று விளக்கமாகச் சொல்வார். நான் மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள் கேட்டவர் அடுத்த வளைவைத் தாண்டியிருப்பார். பதில் வேண்டாதவர் ஏன் கேட்கிறார் என்று பீட்டருக்குப் புரியவில்லை. இது கேள்வி அல்ல, வணக்கம் என்றேன். "இந்தா, இங்கனதான்" என்று சொல்லிக் கையை ஒரு பக்கமாக வீசினால் போதும் என்றும் சொல்லிக்கொடுத்தேன். எந்தப் பக்கம் என்று கேட்டார். எந்தப் பக்கமானாலும் சரி என்றேன். அதை அவர் குறித்துக்கொண்ட விதம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

சில நாளில் அவரே ஊராரைக் கேட்க ஆரம்பித்தார். வம்பு அங்கேதான் தொடங்கியது. ஒருநாள் காலையில், தோட்டத்துப் பாதைத் தகராறு ஒன்றுக்காக உத்தமபாளையம் கோர்ட்டுக்குக் கிளம்பிய சூசையண்ணன் வெள்ளை வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பைக்கை உதைக்கக் காலைத் தூக்கினார். பீட்டர் முகமெல்லாம் அன்பாக, "எங்க போறீக?" என்றார். தூக்கிய கால் இறங்கியது. சூசையண்ணன் வீட்டுக்குள் போனார், நாற்காலியில் உட்கார்ந்தார், தண்ணீர் கேட்டார். அவர் மனைவி பிரகாசியக்கா என்னைத்தான் பார்த்தார். "ரோட்டுல கேட்டா பாசம் சார். வாசல்ல கேட்டா தடங்கலு. படிச்சவுக, நீங்க சொல்லிக்குடுக்க வேணாமா?"

முப்பாட்டன் காலத்திலிருந்து வேதக்காரக் குடும்பம், அதாவது கிறிஸ்தவர்கள். தப்பாமல் பூசைக்குப் போகிறவர்கள். சகுனத்தைத் திருச்சபை ஒப்புக்கொள்கிறதா என்று ஒரு நூலறிவுச் சந்தேகத்தை நான் மெதுவாக எழுப்பினேன். சூசையண்ணன் செம்பைக் கீழே வைத்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

"சகுனமெல்லாம் நாங்க பாக்குறதில்ல சார். தாகமா இருந்துச்சு."

கைக்குட்டை

உத்தமபாளையத்திலிருந்து தேனிக்குப் பஸ். கூட்டத்தில் நான் பின்வாசலில் தொங்கிக்கொண்டிருந்தேன். முன்வாசலில் ஏறிய பீட்டருக்கு ஜன்னலோரம் ஒரு காலி இருக்கை தெரிந்தது. அதில் ஒரு பூப்போட்ட கைக்குட்டை கிடந்தது. யாரோ தவறவிட்டுவிட்டார்கள் என்று நினைத்து, நல்ல மனிதர், அதை மடித்துக் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். கீழே நின்று ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டுவிட்டு, இரண்டு பைகளோடு கூட்டத்தை இடித்துக்கொண்டு ஏறிவந்த அம்மா அவர் முன்னால் வந்து நின்றார். பீட்டர் அவரைப் பார்த்துப் புன்னகை செய்தது நிலைமையை இன்னும் கெடுத்தது.

நான் முட்டிமோதிப் போய் விளக்கினேன். பீட்டர் உடனே எழுந்துவிட்டார். அவர் நாட்டுக்குப் பக்கத்து நாட்டுக்காரர்கள் கடற்கரை நாற்காலிகளில் விடிவதற்கு முன்பே துண்டைப் போட்டு வைப்பார்களாம். அந்த நாட்டுக்காரர்களோடு நமக்கு ஏதும் உறவு உண்டா என்று கேட்டார். துண்டுக்கு அந்த உரிமையைக் கொடுத்தது எந்தச் சட்டம் என்று யோசித்தபடி, அவருக்கு இது தெரியாது என்று அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அம்மா இரண்டு பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"சீட்டுல துணி கெடந்தா ஆளு இருக்குன்னு அர்த்தம். இதுகூடத் தெரியாம எப்பிடி அவுக இத்தனை தூரம் வந்து சேந்தாக?"

டைகர்

சூசையண்ணன் வீட்டு நாய் சுத்தமான கோம்பை இனம். செம்பழுப்பு உடம்பு, கரி அப்பிய மூஞ்சி. பெயர் டைகர். எங்களைக் கண்டதும் அது பாய, பிரகாசியக்கா உள்ளேயிருந்து கத்துவார்: "டைகர்! நோ! கோ! சிட்!" பீட்டர் ஒருநாள் கேட்டார்: "இந்த நாயை எந்த நாட்டிலிருந்து வாங்கினார்கள்?" எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இதே மண்ணின் நாய், அதோ தெரிகிற மலையடிவாரம்தான் பூர்வீகம் என்று ஒரு சிறு சொற்பொழிவே ஆற்றினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் அதற்குத் தமிழ் தெரியாதா?" என்றார்.

இத்தனை வயதில் எனக்கு அது தோன்றியதே இல்லை. நாம் மாட்டிடம் தமிழில் பேசுகிறோம், கோழியைத் தமிழில் கூப்பிடுகிறோம், பூனையைத் தமிழில்தான் திட்டுகிறோம். நாயிடம் மட்டும் ஆங்கிலம். பிரகாசியக்காவுக்குத் தெரிந்த நாலைந்து ஆங்கிலச் சொற்களும் டைகருக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டவை. சோதித்துப் பார்த்துவிடலாம் என்று நான் டைகர் முன்னால் போய், "உட்காரு" என்றேன். கல்யாண வீட்டில் தூரத்துச் சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு அது காதைச் சொறிந்துகொண்டது. சூசையண்ணன் விளக்கினார்:

"தமிழ்ல சொன்னா வீட்டு ஆளுக நமக்குள்ள பேசிக்கிறோம்னு நெனச்சுக்கிரும் சார். இங்கிலீசுல சொன்னாத்தான் உத்தரவுன்னு தெரியும்."

வேண்டாம் என்றால்

முதல் தடவை சாப்பிடக் கூப்பிட்டபோது பீட்டர் "சரி" என்று உடனே உட்கார்ந்துவிட்டார். அவரைத் தனியாகக் கூப்பிட்டு, முதலில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், அப்புறமும் கொஞ்சம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், அதன்பிறகு வற்புறுத்தலுக்கு இணங்க வேண்டும் என்று பாடம் எடுத்தேன். மறுமுறை அவர் வேண்டாம் என்றார். பிரகாசியக்கா சோற்றை வைத்தார். பீட்டர் கையால் இலையை மறைத்தார். கைமேல் குழம்பு விழுந்தது. விதி நிரூபணமாகிவிட்டது என்று பீட்டருக்கு மகிழ்ச்சி. விஞ்ஞானி அல்லவா, அதை எல்லா இடத்துக்கும் பொருத்திப் பார்த்தார். டீக்கடையில் "டீயா சார்?" என்று கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வற்புறுத்தலுக்காகக் காத்துக்கொண்டு பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறார். நான் போனபோது சுற்றியிருந்த எல்லார் கையிலும் டீ இருந்தது.

வீட்டில் 'வேண்டாம்' என்றால் வேண்டும், கடையில் 'வேண்டாம்' என்றால் வேண்டாம். சரி, சூசையண்ணன் தோட்டத்தில் நின்று சொல்லும் 'பாப்பம்' எந்தக் கணக்கு என்று கேட்டார் பீட்டர். நல்ல கேள்வி. பெரும்பாலும் முடியாது என்றுதான் அர்த்தம், ஆனால் சில சமயம் முடியும் என்றும் இருக்கலாம், பார்க்கப் பார்க்கத் தெரியும் என்றேன். பேச்சை மாற்றுவதற்காக டீக்கடைக்காரரைப் பிடித்துக்கொண்டேன்: விருந்தாளியை இப்படியா விடுவது?

"வேணாம்னாக, குடுக்கல. இதுல எனக்கு என்ன சார் தெரியாமப் போச்சு?"

அந்த உடம்பு யாருடையது?

சூசையண்ணனின் சின்ன மகளுக்குப் புதுநன்மை. முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்கு. ஊர் முக்கில் பிளக்ஸ் வைத்திருந்தார்கள். நடுவே வெள்ளைக் கவுனில் சிறுமி. சுற்றிலும் முப்பது நாற்பது ஆண்கள். பாதிப் பேர் கறுப்புக் கண்ணாடி, மீதிப் பேர் காதில் செல்போன். இவர்கள் எந்தக் கட்சி என்று பீட்டர் கேட்டார். தேர்தல் இல்லை, சொந்தக்காரர்கள் என்றேன். அப்படியானால் ஏன் எல்லாரும் யாருக்கோ அவசரமாகப் போன் பேசுகிறார்கள் என்றார். நானும் அந்தக் கேள்வியோடு பிளக்ஸை நிமிர்ந்து பார்த்தபோதுதான், கீழ் வரிசையில் ஓரமாகப் பீட்டர் நிற்பது தெரிந்தது. பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் தங்கக் காப்பு, காதில் செல்போன். அடியில், 'அயல்நாட்டு மாமா ராயப்பர்'. பீட்டர் என்ற பெயருக்கு இந்தப் பக்கத்து வேதக்காரர்கள் வைத்திருக்கும் பழைய தமிழ் அது. பிரகாசியக்கா முதல் நாளிலிருந்தே அவரை ராயப்பு என்றுதான் கூப்பிட்டுவந்தார்.

தன் தலை ஒரு காப்புப் போட்ட உடம்பின்மேல் இருப்பதைப் பீட்டர் வெகுநேரம் பார்த்தார். அந்த உடம்புக்குரியவரிடம் அனுமதி வாங்கினார்களா என்பதுதான் அவர் கவலை. அவரைத் திருப்திப்படுத்த உத்தமபாளையத்தில் பிளக்ஸ் அடித்த கடைக்கே போய் விசாரித்தேன். கடைக்காரர் கம்ப்யூட்டரை விட்டுத் திரும்பவேயில்லை.

"ஒடம்பு நம்ம ஸ்டாக்குல உள்ளது சார். அளவு பாத்துத் தலைய மட்டும்தான் வெளிய வாங்குவோம்."

நன்றியுரை

பீட்டர் எல்லாவற்றுக்கும் நன்றி சொல்வார். தண்ணீர் கொடுத்தால், நாற்காலி போட்டால், டைகரை ஒரு பக்கமாக இழுத்துக் கட்டினால்கூட நன்றி. அவர் 'தேங்க்ஸ்' என்று சுருக்கமாகச் சொல்வதை, தொழில் சுத்தமாக இருக்கட்டும் என்று, "மிக்க நன்றி" என்றும் "உங்கள் அன்புக்கு உளமார்ந்த நன்றி" என்றும் விரித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் பிரகாசியக்காவின் முகம் சுருங்கும். நான் இன்னும் நல்ல தமிழுக்கு மாறுவேன். முகம் இன்னும் சுருங்கும். இத்தனை வருஷம் காப்பி போட்டுக் கொடுத்த என் மனைவிக்கு நான் ஒருநாள்கூட நன்றி சொன்னதில்லை. சொன்னால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். அது தெரிந்தும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

கவாத்துக்கு ஆட்கள் திங்கட்கிழமை வருகிறார்கள் என்று தெரிந்ததும், சனிக்கிழமை பீட்டர் கடைசியாக ஒருமுறை கேட்டார். அலுவலகத்திலிருந்து அவரைத் திரும்பிவரச் சொல்லிவிட்டார்கள் என்பதையும் சொன்னேன். சூசையண்ணன் பந்தலை நிமிர்ந்து பார்த்தார். "பாப்பம் சார்." நான் பீட்டரிடம், முடியாது என்கிறார் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. ஆனாலும் எழுந்து, இரண்டு கையையும் கூப்பி, இதுவரை செய்த எல்லாவற்றுக்கும் நன்றி என்றார். நானும் அதை அப்படியே செந்தமிழாக்கினேன். அடுப்படியிலிருந்து பிரகாசியக்காவின் குரல் வந்தது. யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை, டைகரிடமாகவும் இருக்கலாம்.

"பிளக்சுல மாமான்னு போட்டாச்சு. இன்னும் பஸ்சுல எடம் விட்ட ஆளுகிட்டச் சொல்ற மாதிரியில்ல சொல்லிக்கிட்டுத் திரியிறாக!"

உப்பு

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வழியனுப்புச் சாப்பாடு. நாட்டுக்கோழிக் குழம்பு. பீட்டர் பையைக் கட்டி வைத்துவிட்டு வந்திருந்தார். வரும் வழியில், இந்த ஊரில் தான் இனி எந்த விதியையும் கடைப்பிடிக்கப் போவதில்லை என்றும், மூளை களைத்துவிட்டது என்றும் சொன்னார். சொன்னபடியே செய்தார். மறுக்காமல் உட்கார்ந்தார். மறைக்காமல் வாங்கிக்கொண்டார். இரண்டு கவளம் சாப்பிட்டார். பிறகு, என்னைப் பார்க்காமலே, தோட்டத்து ஆட்களோடு உட்கார்ந்து சாப்பிட்டபோது பொறுக்கிக்கொண்ட தமிழில், தெளிவாகச் சொன்னார்: "அக்கா, கொழம்புல உப்பு கம்மி."

மொழிபெயர்ப்பாளனுக்கு வரக்கூடிய பெரிய ஆபத்து இதுதான். ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால், "அமிர்தம்னு சொல்றாரு அக்கா" என்று சமாளித்திருப்பேன். தமிழில் சொன்னதைத் தமிழுக்கு எப்படி மாற்றுவது? கரண்டி அப்படியே நின்றது. சூசையண்ணன் ஒரு வாய் வைத்துப் பார்த்து, "ஆமா, கம்மிதான்" என்றார். "நானும் சொல்லாமத் திண்டுக்கிட்டு இருக்கேன்."

"ஏன், ஒங்களுக்கு வாயி இல்லையாக்கும்?" என்றார் பிரகாசியக்கா. அடுப்படிக்குப் போய் உப்புக் கிண்ணத்தைக் கொண்டுவந்து பீட்டர் இலைக்குப் பக்கத்தில் நங்கென்று வைத்தார். "போட்டுக்க, ராயப்பு. கேட்டு வாங்கித் திங்க இப்பவாச்சும் தெரிஞ்சதே." அப்படி ஒரு முகமலர்ச்சியை நான் அந்த வீட்டில் பார்த்ததில்லை, என் தமிழ் எவ்வளவோ முயன்றும் அதைக் கொண்டுவர முடியவில்லை.

கை கழுவும்போது சூசையண்ணன் குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கெழக்க உள்ள நாலு வரிசையில நாளைக்கி கவாத்து வேணாம்னு ஆளுககிட்டச் சொல்லிர்றேன். அவரு கன்னு அங்கன வச்சுக்கிறட்டும்." நான் மொழிபெயர்த்தேன். பீட்டர் வாயை 'தே' என்று திறந்தார். அவர் பாதத்தை மிதித்தேன். அவர் சுதாரித்துக்கொண்டு, "மோரு தண்ணியா இருந்துச்சு" என்றார். "இந்தா, ரொம்பத்தான்!" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது, சிரிப்போடு. இத்தனை நாள் ஏன் இதைச் சொல்லவில்லை என்று சூசையண்ணனிடம் கேட்டேன். அவருக்கு என் கேள்விதான் விசித்திரமாக இருந்தது.

"ஒவ்வொரு தடவையும் நன்றியுரை வாசிச்சிட்டுல்ல எந்திரிச்சுப் போனாக? கூட்டம் முடிஞ்சுபோச்சுன்னு நான் நெனச்சேன் சார்."

கடைசியாக

பீட்டர் பருவம் முழுக்க இருந்தார். கன்றுகள் பிடித்துக்கொண்டன. காப்பியில் சூடு இல்லை, மோட்டார்காரன் இன்னும் வரவில்லை, வெயில் ஆளைக் கொல்லுது என்றெல்லாம் குறை சொல்லச் சொல்ல அவருக்குத் தமிழ் மளமளவென்று வந்துவிட்டது. என்னைக் கேட்காமலே பேசினார், சண்டை போட்டார், பிரகாசியக்காவிடம் ஏச்சு வாங்கினார். ஆக, ஒருவரை ஊரோடு சேர்த்துவைப்பதில் மொழிபெயர்ப்பாளன் செய்யக்கூடிய உருப்படியான காரியம், சரியான சமயத்தில் ஒரு காலை மிதிப்பது மட்டுமே.

மாலை நேரங்களில் அவர் டைகரோடு தன் சொந்த மொழியான டச்சில் பேசிக்கொண்டிருந்தார். அவர் ஊர் திரும்பிய பிறகு டைகர் தமிழுக்கும் அசைவதில்லை, ஆங்கிலத்துக்கும் உட்காருவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் குளிப்பாட்டும்போது சூசையண்ணன் என்னைத் தேனியிலிருந்து வரவழைத்து, டச்சு மொழியில் 'உட்கார்' என்று சொல்லச் சொல்கிறார்.